மூன்றாவதாக வந்தவள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி மகன் நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டான், அதை வைக்க ரேடியோவைக் கீழே இறக்கிவிட்டேன். உன் தங்கை மகள் நர்ஸ் படிப்பில் தேறிவிட்டாள். என்னிடம் வளரும் உன் மகள் பேச்சுப்போட்டியில் முதலாவது, பரீட்சையில்தான் மூன்றாவது. அதற்குத்தான் நீ கொதித்துப்போய், வேறு பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை என் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறாய்.

அவள் மூன்றாவதானதற்குக் காரணம் நான்தானப்பா. போன பரீட்சையில் அவள் முதலாவதாக வந்ததும், மாடி வீட்டுத் தையல்காரம்மாவைப் படிக்கட்டில் நிறுத்தி, “மார்க் பட்டியல்ல என் பேத்தி பேரு மேலயே இருக்கு, உங்க பையன் பேரைத்தான் குனிஞ்சு தேட வேண்டியிருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவனும் இவள் வகுப்புதான். அந்த இயேசு சபைச் சாமியார்கள் பள்ளியில், கடைசி மணிக்கு முன் ஐந்து நிமிடம், எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளையானாலும் கண்ணை மூடி, இன்று எது நன்றாக நடந்தது, எங்கே தவறினேன், நாளை என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும். இவள் வீட்டிலும் உட்காருவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிடுவேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்ததும், “ஜெயிச்சது நானு, குத்துனது நீங்க பாட்டி” என்றாள். மறுநாள் மாடி ஏறினேன். தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமல், “மிச்சத்தையும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?” என்றார். மன்னிச்சிடும்மா என்றேன். மிஷினை நிறுத்திவிட்டு, நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

அதிலிருந்து உன் மகள் தினமும் அந்தப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். இவள் மார்க் குறைகிறதே என்று தலைமைச் சாமியாரிடமே போய்க் கேட்டேன். “நல்லாப் படிக்கணும், அதுல நாங்க விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனா படிச்சது யாருக்கு உதவுதுன்னு பாக்காம, பள்ளிக்கூடம் எதுக்கும்மா?” என்றார். இந்த முறை அந்தப் பையன் கணக்கில் தேறிவிட்டான். பட்டியலைப் பார்க்க அவனை இழுத்துக்கொண்டு ஓடியவள், தன் பெயரைப் பார்க்க மறந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாவது என்று பிறகு அவன் வந்து சொன்னான்.

ஐந்தாவதோடு நின்றவள் நான், உன் உத்தியோகம் எனக்குப் புரியாது, இது புரிகிறது. விண்ணப்பத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போடவில்லை. கோபம் இருந்தால் என்மேல் காட்டு, போனில் அவளிடம் காட்டாதே.

இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, இங்கே மாட்டியிருப்பதில் உனக்கு முடி அதிகம்.

உன் அம்மா