இடது காதில் வெற்றிலை

1953, ஆவணி 5

வடசேரியில் இன்று அண்ணன் மகனுக்கு இருபத்தெட்டாம் நாள் சடங்கு. அரைஞாண் கட்டியதும் அண்ணன், பிள்ளையின் வலது காதில் மூன்று முறை பெயர் சொன்னான். இடது காதை வெற்றிலையால் பொத்திப் பிடித்திருந்தவள் அத்தைக்காரி நான்.

‘இளம்பரிதி.’

வயிற்றில் இருக்கும் என் பிள்ளைக்கென்று நான் தேடி வைத்த பெயர். அண்ணன் பெண்டாட்டி, என் மைனியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ‘பரிதிக்குட்டி’ என்ற செல்லப்பெயரைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. எல்லார் முன்னிலும் அதைச் சொல்லியே கொஞ்சினாள்.

அடுக்களையில் வைத்துக் கேட்டேன்.

“ஒனக்குப் பொட்டப்பிள்ள பொறந்தா பேரு வீணாப் போவும்லா மக்கா?” என்று சிரித்தாள்.

பாயச வாளியை எடுத்துப்போய்ப் பந்தியில் விளம்பினேன்.

இத்தனை நாளும் வயிற்றைத் தடவி அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினேன். இப்போது உதைக்கிறான். என்ன சொல்லிக் கூப்பிட?