பிரிட்டன் விலகி முடியுமட்டும்

இன்று அலுவலகத்தில் தரைவிரிப்பு மாற்றுகிறார்கள். மின்தூக்கி திறந்ததுமே பசையின் நெடி மூக்கில் ஏறியது. நீயும் நானும் மதியம் சாப்பிடும் சின்ன அறையை உடைத்து, புதிய அதிகாரிகளுக்கு மேசை போட்டார்களே, அன்றும் இதே நெடிதான்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறது என்றதும், பக்கத்து நாடான அயர்லாந்து தன் தூதரகங்களுக்கு ஆள் சேர்த்தது. டொரொன்டோவில் நாம் வேலை செய்த துணைத் தூதரகத்துக்கும் இருவர் வந்தார்கள்.

"அயல் வீட்டுக்காரன் பெண்சாதியை விட்டிட்டுப் போறான். எங்கட சாப்பாட்டு அறை பறிபோகுது, பாத்தியே?" என்றாய்.

பிறகு கீழ்த்தளத்தில் உன் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். மாலையில் மீன்குழம்பு மணத்தோடேயே நீ விட்பி நகரில் இருந்த உன் வீட்டுக்குத் திரும்புவாய்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இருந்த தலைமையகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. நீ அங்கே படித்தவள், அந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவள். அங்கே போகப்போவதைக் காருக்குள் வைத்துத்தான் சொன்னாய். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான், "போகாதை" என்றேன்.

நீ சாப்பாட்டுப் பெட்டியை மூடினாய். "எடி, அவை விலகி முடியுமட்டும்தானே. முடிஞ்ச கையோட வாறன்."

"அரசாங்கங்கள் ஒண்டையும் முடிக்கிறேல்லை."

"உன்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்."

நீ போன பிறகு, டோர்செட் பார்க்கில் என் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, நான் பார்த்தேயிராத இரண்டு தீவுகளின் எல்லைச் சோதனை, மீன்பிடி உரிமை எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்தேன். அவர்கள் விலகும் கெடுவைத் தள்ளிவைத்தபோதெல்லாம் நீ வருவதும் தள்ளிப்போனது. ஒருவழியாக விலகினார்கள். அன்றே உன்னை அழைத்தேன்.

"போயிட்டாங்கள். இனி வா."

"இனித்தானேடி வேலையே தொடங்குது" என்று சிரித்தாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. சிகிச்சை முடிய வருவேன் என்றாய். அதையும் நான் நம்பவில்லை. ஆனால் அந்த முறை வாய் திறக்கவில்லை. உன் இறுதிப் பூசையைக் கணினித் திரையில் பார்த்தேன்.

எல்லை ஒப்பந்தம் பற்றி இன்று ஒரு புதிய அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. விளக்கினேன். இவ்வளவும் எப்படித் தெரியும் என்று வியந்தார். வேலைக்காகப் படித்தது என்றேன்.

இப்போதும் காலையில் முதலில் திறப்பது அந்தச் செய்திகளைத்தான். அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் இங்கே வந்து இறங்க ஒருவரும் இல்லை. ஆனாலும் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.