லீடியாவுக்கு நாம் எழுதிய வயது

அன்பான என்னங்க,

நாற்பது வருடமாக உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் பெயர் எழுத வருமா? நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. திருச்சபை இதழில் உங்களுக்கு நினைவஞ்சலி போட வேண்டும், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அக்கரையில் பாத்தாம் தீவில் கட்டுகிற புது வகுப்பறைக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். அதற்குப் படம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

லீடியா விழுந்துவிட்டாள்.

நம் லீடியாதான். சேற்றில் கம்பு ஊன்றிக் கட்டிய அந்தப் பலகைக் கொட்டகைக்கு மாதம் ஒரு சனிக்கிழமை ஃபெர்ரி பிடித்துப் போய்ப் பாடம் சொன்னோமே, அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்தே தீர்ப்பவள். வாத்தியார் என்று உங்களைப் 'பாக் குரு' என்பாள், அம்மா என்று என்னை 'இபு' என்பாள். இங்கே சிங்கப்பூரில், ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போன வாரம் ஈரப் போர்வையை மூங்கில் கம்பில் போட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறாள். கனம் ஆளையே இழுத்துவிட்டது. மூன்றாவது மாடி. உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்புமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் வயது இருபத்து நான்கு என்று போட்டிருந்தது. அவளுக்குப் பதினாறு இன்னும் முடியவில்லை. உங்களுக்கும் எனக்கும் அது தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் கிடையாது. கிழக்குத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், கையில் ஒரு தாளும் இல்லை. நீங்கள்தான் ஆளுக்கொரு தேதி கொடுத்தீர்கள். செம்பவாங் கப்பல் பட்டறை வேலையில் பழகிய மலாயில் தாய்மாரிடம் துருவித் துருவிக் கேட்பீர்கள். அப்போது மழைக்காலமா, மூத்தவன் நடக்க ஆரம்பித்திருந்தானா, மீன் நிறையப் பட்ட மாதமா? பிறகு சபைச் சான்றிதழில் தேதி எழுதி, அங்குள்ள சபை ஊழியர் நம்பி நம்மிடம் விட்டுவைத்த முத்திரையைக் குத்துவீர்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். அந்த மாதத்துப் பிள்ளைகளுக்கு நான் கேக் வெட்டுவேன். கர்த்தருக்கு அடுத்தபடி இந்த ஊரில் பிறப்பு கொடுக்கிறவர் நீங்கள்தான் என்று எத்தனை தரம் கிண்டல் செய்திருப்பேன்.

லீடியாவின் அம்மா வந்து நின்ற சனிக்கிழமை நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு அனுப்ப ஏஜெண்ட் இருபத்து மூன்று வயது கேட்கிறான், அப்படி ஒரு தாள் வேண்டும் என்றாள்.

"இது பொய்ச் சாட்சி, ரூத். என்னால முடியாது," என்றீர்கள்.

"நீங்க போடற தேதியெல்லாம் குத்துமதிப்புதானே? இதுல மட்டும் என்னா வந்துச்சு? இங்கயே கெடந்தா அவளுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. நம்ம ஊருக்கு வந்தா நாம பாத்துக்கலாம் லா."

என்னுடைய வார்த்தைகள். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. நீங்கள் எழுதினீர்கள், முத்திரையை நான் குத்தினேன். திரும்பி வரும்போது ஃபெர்ரியில் ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். கோபம் என்று நினைத்து நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டீர்கள். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்து சேர்ந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். "அந்தப் புள்ளைய பாத்துக்க," என்றீர்கள். நான் பார்த்துக்கொண்டேனா? உங்களை அடக்கம் செய்த பிறகு ஒரே ஒரு தடவை தேக்கா மார்க்கெட்டில் பார்த்தேன். இரண்டு கையிலும் காய்கறிப் பை, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நன்றாக இருக்கிறேன் என்றாள். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வேலையிடத்து விபத்து என்பதால் நேற்று ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். பிள்ளைகளின் தேதிகளைக் குறித்து வைத்திருந்த உங்கள் நோட்டும் என் கைப்பையில் இருந்தது. அதிகாரி வயதைக் கேட்டதும் லீடியா இருபத்து நான்கு என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்து, குனிந்து மலாயில் மெதுவாகச் சொன்னேன், "லீடியா, உனக்குப் பதினஞ்சுதாம்மா."

"இல்ல இபு. எங்கம்மா தப்பா எண்ணிட்டாங்க. பாக் குருவே கைப்பட எழுதியிருக்காரு. பாக் குரு பொய் எழுத மாட்டாரு."

நடிக்கவில்லை, என்னங்க. அவள் கண்ணைப் பார்த்தேன். அந்த ஊரில் வாத்தியார் எழுதுவதுதான் பிறந்தநாள். நீங்கள் எழுதியதை அப்படியே தன் வயதாக எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடத்தை எங்கே தொலைத்தோம் என்று கேட்காமலேயே வேலைக்கு வந்திருக்கிறாள். அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நோட்டை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை அவள் அம்மாவிடமிருந்து குரல் செய்தி. அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: லீடியா படுத்துவிட்டதால் தங்கை மார்த்தாவுக்கு ஒரு தாள் எழுதித் தர முடியுமா? அதே ஏஜெண்ட்தான். மார்த்தாவுக்குப் பதின்மூன்று.

முத்திரை இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. நீங்கள் முடியாது என்றதும் நான் ஏன் விட்டிருக்கக் கூடாது? நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு அப்படிக் கண்ணை மறைக்குமா? பதில் சொல்ல நீங்கள் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வகுப்பறைக்கு உங்கள் பெயர் வேண்டாம் என்று செயலாளருக்கு எழுதிவிட்டேன். முத்திரை ஊழியரிடம் திரும்பிப் போகிறது. மார்த்தாவின் அம்மாவிடம் முடியாது என்று சொன்னேன். திட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

நாளை அதிகாரி மறுபடி வருகிறார். அவர் எதிரிலேயே லீடியாவிடம் சொல்வேன்: பாக் குரு எழுதியது பொய், எழுத வைத்தவள் நான். கால் அசையாமல், வேலை போய்க் கிடக்கிற பிள்ளைக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம். அதையும் நானே பிடுங்கப் போகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அவள் அழுதால் பக்கத்தில் இருப்பேன். என் முகத்தில் முழிக்காதே என்றால் வார்டு வாசலில் இருப்பேன். இந்தத் தடவை பார்த்துக்கொள்வேன்.

உங்களைக் கையெழுத்துப் போட வைத்த
உங்கள் மனைவி,
ரூத்