கடைசி பெஞ்சைத் தாண்டும் தட்டு

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? புனே குளிர் எனக்குப் பழகிவிட்டது.

புருஷன் அடிக்கிறான் என்று நான் பிரிந்து வந்ததற்காக, மூப்பரான நீங்களே நம் சபையில் என் பெயரை வாசித்துத் திருவிருந்திலிருந்து விலக்கினீர்கள். அந்தப் பழக்கத்தில் போன ஞாயிறு இங்குள்ள சபையிலும் அப்பத்தட்டு வந்ததும் எழுந்துபோய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். தட்டு ஏந்திய பிரபாவதி அக்கா தேடி வந்துவிட்டார். நம் திருத்தணிப் பக்கம்தான், பொதட்டூர்பேட்டை. இங்கே பெண்களும் ஏந்துகிறார்கள், கோபப்படாதீர்கள்.

“ஏம்மா இங்க நின்னுகினு இருக்கே?”

“என்னை விலக்கி வச்சிருக்காங்கக்கா.”

“உன் பங்கு தட்டுல அப்படியே இருக்குதே!”

வாங்கிக்கொண்டேன். அப்பம் தொண்டையில் சிக்கி ஒரே இருமல். இருவரும் சிரித்துவிட்டோம்.

அலமாரியில் உள்ள என் பைபிளை அனுப்புங்கள். அம்மா கையால் கோங்கூரா தொக்கும் கொஞ்சம். என் ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். என்னை விலக்கிய நாளிலிருந்து அம்மாவும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறாள், அப்பம் எடுப்பதில்லை என்று தங்கை சொன்னாள். அடுத்த திருவிருந்தில் தட்டு உங்கள் கையில்தானே இருக்கும், நைனா? அம்மா வேண்டாமென்று தலையசைத்தாலும் அவள் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தில் காலியாக இருக்கும் என் இடத்துக்கு முன்னாலும்.

உங்கள் மகள்,
ஸ்வீட்லின்