மயங்கினவன் பேசக் கூடாது

என் தங்கமான அத்தானுக்கு,

ஒன்றரை வருஷமாக உங்கள் கேரக்டரைக் கடலுக்கடியில் மயக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன். மேலே தூக்கவும் இல்லை, சாக விடவும் இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டு உங்களை விட்டுவிட்டுக் கேரக்டரைப் பற்றி ஆரம்பிக்கிறேன் பாருங்கள், அவ்வளவு கோழை நான்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தனியாக எழுதினால் பீரோவில் பூட்டி வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். நம் விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு, உங்கள் கயிற்றுக் கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்வதையே சொல்லிவிடுகிறேன்: "நாலு பேரு மேசையச் சுத்தி உக்காந்து கதை சொல்லுவோம் அண்ணாச்சி. ஆளுக்கு ஒரு வேஷம். கதைய நடத்துதது என் மச்சினன். பொழைப்போமா சாவோமாங்கத பகடை சொல்லும்." கேட்டவர்கள் உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நைலான் கயிற்றை வாங்கிக்கொண்டு போவார்கள்.

நம்மோடு ஆடுகிற ஜெரால்டு மந்திரவாதி, ரோஸ்லின் வாள்வீச்சுக்காரி. உங்களுக்கு மட்டும் முத்துக்குளிக்கிறவன் வேஷம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சங்கு குளிக்கப் போகிறவர்கள் உங்கள் கடையில் சொன்ன பழைய வழக்கம் ஒன்று உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழே முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது அவனுடைய மச்சானாம். உடன்பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறது, அதனால் அசந்துபோக மாட்டான். கீழேயிருந்து இரண்டு தரம் இழுத்தால் தூக்கிவிட வேண்டும்.

"நீதான என் பொண்டாட்டிக்குத் தம்பி. கயிறு உன் கையில மாப்ள" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்தப் பாழாய்ப்போன விதி வந்ததே உங்களால்தான். உங்கள் ஆள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பான், நீங்களோ இங்கே நாற்காலியில் இருந்து கத்துவீர்கள்: "ஏலே ஜெரால்டு, அந்தப் பெட்டிய எடுலே! பொறத்தால சுறா வாரான் பாரு!" தண்ணீருக்குள் மயங்கிக் கிடக்கிறவன் எப்படி அத்தான் யோசனை சொல்வான்? அதனால்தான் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மயங்கினவன் பேசக் கூடாது. சைகையும் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில்லர்புரம் வீட்டு மாடியில் உங்கள் ஆள் மூழ்கின கப்பலுக்குள் போனான். கயிறு அறுந்தது. மூச்சுக்காகப் பகடை போட்டீர்கள், இரண்டுதான் விழுந்தது, ஆள் மயங்கிவிட்டான். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நீங்களும் நல்ல பிள்ளையாக வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

பிறகு யார் குதித்து உங்களைத் தூக்குவது என்று ஜெரால்டும் ரோஸ்லினும் சண்டை போட்டார்கள். உங்கள் ஆள் இன்னும் எத்தனை சுற்று தாங்குவான் என்று நான் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் உங்களைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தோம். நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"மயங்கினவன் கையத் தூக்கக் கூடாது அத்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

மேஜைக்குக் கீழே என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். ஒரு தரம். இன்னொரு தரம். கயிற்றை இழுக்கிற மாதிரி.

"என்னமா நடிக்கிய அத்தான்!" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கோட்டைப் போட்டேன்.

உங்கள் நெற்றி மேஜையில் முட்டின பிறகுதான் ரோஸ்லின் அலறினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் உங்கள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அதை நான் ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை? பக்கத்து நாற்காலிதானே?

மாரடைப்பு என்றார் டாக்டர். கொஞ்சம் முந்தி கொண்டு வந்திருந்தால் என்று இழுத்தேன். "அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது தம்பி" என்று மட்டும் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது என் வாயில் வந்தது பொய்தான். "சட்டுனு சாஞ்சிட்டாக அக்கா. ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்லே." துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள், இன்னமும் சொல்கிறாள். நீங்கள் சட்டையை இழுத்தது மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடையை இப்போது அக்காதான் பார்க்கிறாள். கயிற்றை முழம் போடுவதில் உங்களைவிடக் கறார். போன வாரம் மேஜை டிராயரில் உங்கள் கேரக்டர் தாளைக் கண்டெடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இதுல உங்க அத்தான் கடைசில என்ன ஆனாக?"

"முங்கிட்டாக அக்கா. மயக்கத்துல இருக்காக."

"சாகலல்லா?"

"இல்ல."

"அப்ப ஏம்லே இன்னும் தூக்காம இருக்க?"

அவளே தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "வார ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அவுகளுக்குப் பதிலா நான் போடுதேன் பகடைய" என்றாள்.

அத்தான், அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று மாதமாக மறுபடி விளையாடுகிறோம். இப்போது யாருடைய ஆள் மயங்கினாலும் முதலில் நாற்காலியில் இருக்கிறவரிடம்தான் கேட்கிறோம், நல்லா இருக்கியளா என்று. வாயால் பதில் வந்த பிறகுதான் அடுத்த பகடை. உங்களிடம் ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து உட்கார்ந்ததும், அவள் பகடையைத் தொடுவதற்கு முன்னால், நான் சொல்லிவிடுவேன். சத்தமில்லாமல் நீங்கள் போகவில்லை, இரண்டு தரம் இழுத்தீர்கள், நான் சிரித்தேன் என்று. அறைந்தால் வாங்கிக்கொள்வேன். எழுந்து போய்விட்டால், திரும்பி வருகிற வரைக்கும் அவள் நாற்காலியை எடுக்க மாட்டேன். பகடையை நானே போடுகிறேன் என்று அவள் சொன்னாலும் போடட்டும், வேண்டாம் என்றாலும் சரி. இந்தத் தரம் கயிற்றை விட மாட்டேன். இது சத்தியம் அத்தான்.

கயிறு கையில் இருந்தும் தூக்காமல் விட்ட
உங்கள் மச்சினன்