சந்தனம் வைத்த போர்டு

சோழவந்தான்
12.10.84

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் பெங்களூர்க் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அழகர் துணை இருக்கட்டும். கடிதம் கொண்டுவரும் முத்திருளன் நம் ஊர் வெற்றிலை லாரி ஓட்டுகிறவன், வாசலில் வண்டியை உறுமவிட்டு அவசரப்படுத்துகிறான். படித்த கையோடு தந்தி ஆபீசுக்கு ஓடு தாயி.

கரண்டு வரும் மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் எரிந்துவிடாமல் நிறுத்துகிற கட்-அவுட் ஒன்றை நான் பொழுதுபோகச் செய்து கிணற்று ரூமில் மாட்டியதை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்துப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் விருமாண்டி கேட்டான், உன் தாய்மாமன் பேயாண்டி மச்சானும் ஆளனுப்பிக் கேட்டார், செய்து கொடுத்தேன். எல்லாம் செம்புத் தகடு ஒட்டிய பழுப்பு ஹைலம் போர்டுதான், நானே பெயிண்டில் கோடு போட்டு, மருந்துத் தண்ணீரில் மற்ற செம்பை அரித்து எடுத்தது. ஆயுத பூஜைக்கு இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, மண்வெட்டிக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைத்த கையோடு போர்டை வைத்திருக்கும் தகர டப்பாவைத் திறந்து, போர்டின் செம்புக் கோட்டின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார்கள், அடப் பாவிகளா! மெயின் கரண்டு ஓடுகிற இடம். ஈரத்தில் கரண்டு கசிந்து கசிந்து ஹைலம் கருகி, நேற்றுக் காலை விருமாண்டி டப்பாவைத் தொட்டதும் தூக்கி எறிந்துவிட்டது. வலது கை வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

நம் கிணற்று ரூமில் இருந்ததைக் கழற்றிவிட்டு மச்சான் கிணற்றுக்கு ஓடினேன். அங்கேயும் அதே சந்தனம், இரண்டு கோட்டுக்கு நடுவில் ஏற்கெனவே கறுத்திருக்கிறது. கழற்ற விடமாட்டேன் என்கிறார். இத மாட்டுனதுக்கு அப்புறம் ரெண்டு தடவ என் மோட்டார் தப்பிச்சிருக்கு மாப்ள, கரண்டு வர்ற லட்சணத்துக்கு இது இல்லாம ஓட்டுனா மோட்டார் வெந்துபோகும், கொடிக்கால் காஞ்சா நீயா வந்து தண்ணி ஊத்துவ என்று கேட்கிறார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, மோட்டாருக்குக் கரண்டு போகாதபடி மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பொம்பளப் புள்ளைய வேலைக்கு அனுப்புனா உன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன் என்று உன்னோடு பேச்சை விட்டவர், இப்போது அதே வாசலில் நின்று கத்துகிறார், உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா, நீ புத்தகத்தப் பாத்து வெளையாடுற ஆளு, உனக்கு எம்புட்டுத் தெரியும், அந்தப் புள்ள கம்பெனியில இதே போர்டு வேலதான பாக்குது, அது சொல்லட்டும் கழட்டுறேன் என்றார். நாளைக் காலை சமயநல்லூர் போய்ப் புதுப் பீஸ் கட்டை வாங்கிவந்து மத்தியானம் மோட்டார் போடுவாராம். சொன்னால் செய்கிற ஆள். அதற்குள் உன் தந்தி வந்தாக வேண்டும்.

தந்தி கொடுத்த பிறகு, அடுத்து எந்தப் போர்டில் செய்வது என்பதை நிதானமாக எழுது. கண்ணாடி நார் போர்டு போதுமா, கம்பெனியில் போடுவதுபோல் மேலே பச்சைப் பூச்சு உள்ளதுதான் வேண்டுமா, மெயின் கோடுகளுக்கு நடுவே எம்புட்டு இடைவெளி விடணும், எல்லாம் சொல். நம் ஆட்கள் சந்தனம் வைப்பதை நிறுத்த மாட்டார்கள், அதையும் மனதில் வைத்துச் சொல். நீ சொல்லும்வரை நான் எதையும் மாட்டமாட்டேன்.

மதுரை மீனாட்சி உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். தந்தியை என் பெயருக்கு அனுப்பாதே, மாமா பெயருக்கே அனுப்பு. கழட்டுங்க மாமா என்று போடு, வேறு எதுவும் வேண்டாம். அவர் உன்னைப் பேசியதெல்லாம் எனக்கும் ஆறவில்லை, ஆனாலும் உன் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான் தாயி.

உன் அப்பா,
காசிமாயன்