பூஜ்யம் போட்ட மூன்று காலைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் கூட்டாளிகளும் அட்டைக்கடி நீங்கலாக மற்றபடி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாமான் ஏற்ற வரும் ஜீப்பில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கரப்பான் பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டியவள் இப்போது காட்டில் தனியாக உட்கார்ந்து பறவைக்குக் காவல் இருக்கிறாள் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்தின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையோடு உள்ளேயே கிடக்கும், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பூனை உன் அலமாரியின் கீழ்த்தட்டில் குட்டி போட்டிருக்கிறது, நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். காய்ச்சலோடு போய் மூன்று நாள் காலையும் மரத்தடியிலேயே தூங்கிவிட்டாய், விழித்ததும் பதறி, ஆண் எத்தனை தடவை வந்தது என்று குறிக்கும் தாளில் வரவில்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டாய். அந்த மூன்று நாள்தான் பக்கத்தில் சாலைக்காக மரம் வெட்டினார்களாம், அந்தச் சத்தத்தில்தான் பறவை வரவில்லை என்று உன் பேராசிரியர் அறிக்கை எழுதப் போகிறாராம். உண்மையைச் சொன்னால் குழுவிலிருந்து அனுப்பிவிடுவார்கள், சொல்லாவிட்டால் காட்டுக்கு நல்லதுதானே என்று கேட்கிறாய்.

நீரேற்று நிலையத்தில் மணிக்கொரு தடவை ஏணி ஏறித் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அலுப்பில் நாலு மணி நேரத்துக்கான அளவையும் கீழே உட்கார்ந்தபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து வால்வு சிக்கித் தொட்டி காலி, பதிவேட்டிலோ தொட்டி நிறைய தண்ணீர். அதை நம்பி ஃபிட்டர் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று தெருத்தெருவாகத் தோண்டினார், பிரசவ ஆஸ்பத்திரியில் அன்று பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள், ஏறிப் பார்த்து எழுதியதைக்கூட என்னால் நம்ப முடியவில்லை. உன் மூன்று நாளை யாராவது கண்டுபிடித்தால் மிச்ச நாளெல்லாம் நீ கொட்டக் கொட்ட விழித்திருந்து எழுதியதும் அதோடு போய்விடும், காட்டுக்காகப் பேச உங்களிடம் ஒரு தாள் இருக்காது. கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சொல்லிவிடு கண்ணு. எதையும் அழிக்காதே, பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு போட்டு 'நான் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பறவை வரவில்லை என்பது வேறு, நீ பார்க்கவில்லை என்பது வேறு. அனுப்பிவிட்டால் வந்துவிடு, பூனையைத்தான் காலி செய்யச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலிருந்து படித்தேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேனாவைத் திறந்ததும் இருவரும் நலம் என்று கை தானாக எழுதிவிட்டிருக்கிறது, போன மூன்று கடிதங்களிலும் அப்படித்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து ஒரு மாதமாகக் கட்டோடு இருக்கிறாள். "படிக்கிற புள்ளைகிட்ட சொல்லி வைக்காதீங்க" என்று அவள் சொன்னதை நான் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. முதல் வரியில் அந்த இடத்தைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன், உன் பறவை அளவுக்கு நேரம் தவறாமல் வருவதில்லை என்பது அவள் புகார்.

மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடி. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. கீழே கோணல்மாணலாக இருப்பது அம்மா இடது கையால் எழுதியது.

உன் அப்பா

அம்மா. வலி இருக்கு. பரவாயில்ல. நீ சொல்லிடு.